பத்தாயிரம் ரூபாய் டேப்லெட்: பெட்டியில் அச்சிடாத விவரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி, கல்லூரி திறக்கும் நேரம் நெருங்கினாலே 'எட்டு ஜிபி ரேம், எட்டு கோர், பத்து அங்குலத் திரை, ரூ.9,999 மட்டுமே' என்று அரைப் பக்க விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் செல்போன், டேப்லெட் பழுது பார்க்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். அந்த விளம்பரங்களில் கொட்டை எழுத்தில் போடும் விவரங்களை வைத்து ஒரு டேப் இரண்டாவது வருடம் ஓடுமா, பீரோவுக்குப் போகுமா என்று சொல்லவே முடியாது. அதைச் சொல்லும் விவரங்கள் வேறு. அவை பெரும்பாலும் பெட்டியில் பொடி எழுத்தில்கூட இருப்பதில்லை.

ரூ.9,000 முதல் ரூ.15,000 வரையிலான டேப்லெட் வீண் செலவு என்று நாங்கள் சொல்லவில்லை. அதே பணத்துக்கு வாங்கும் போனில் 6.7 அங்குலத் திரை கிடைக்கும். 11 அங்குல டேப்பின் பரப்பு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல். பாடநூல் கழகத்தின் தளத்திலிருந்து இறக்கிய புத்தகத்தை முழுப் பக்கமாக விரித்துப் படிக்கலாம், கல்வித் தொலைக்காட்சியின் யூடியூப் பாடங்களைப் பார்க்கலாம். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி மண்டியில் பில் போடும் ஆப்பை ஓட்டி, புளூடூத் பிரிண்டரில் சீட்டு அடிக்கவும் இது தாராளமாகப் போதும். பார்ப்பது, படிப்பது, எண்ணைத் தட்டுவது, இந்த மூன்று வேலைக்கு நல்ல சாமான். இதையே மடிக்கணினிக்குப் பதிலாக வாங்கும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

முதலில் ஸ்டோரேஜ், அதாவது ஆப்களும் கோப்புகளும் நிரந்தரமாகத் தங்கும் இடம். எங்களிடம் 'ஹேங் ஆகுது' என்று வரும் டேப்களில் பெரும்பாலானவற்றுக்கு ரேமில் (ஓடும் ஆப்கள் தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்) குறை இருக்காது, ஸ்டோரேஜில்தான் இருக்கும். இந்த விலையில் இரண்டு வகை உண்டு. ஒன்று இஎம்எம்சி, மற்றது யுஎஃப்எஸ். இஎம்எம்சி 5.1 என்பதன் உச்ச வேகமே நொடிக்கு 400 எம்பிதான். நடைமுறையில் படிக்கும் வேகம் 250 முதல் 300 வரை வரும், எழுதும் வேகம் அதிலும் குறைவு. யுஎஃப்எஸ் 2.2 வகை படிப்பதில் அதைப்போல மூன்று மடங்கு. வேகத்தைவிட முக்கியமான வித்தியாசம் ஒன்று இருக்கிறது. யுஎஃப்எஸ் ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் செய்யும். இஎம்எம்சி ஒரு வண்டி மட்டும் போகும் தரைப்பாலம் மாதிரி. எதிர் வண்டி கடக்கும்வரை இந்த வண்டி நிற்க வேண்டும். பின்னணியில் பிளே ஸ்டோர் பத்து ஆப்களை அப்டேட் செய்துகொண்டிருக்க, பையன் பாடப் புத்தகத்தைத் திறந்தால் பக்கம் திரும்பாமல் நிற்பது இதனால்தான். டேப்பின் மூளையான சிப் நல்ல சிப்பாகவே இருந்தாலும் இது நடக்கும்.

இரண்டாவது, இடம். 64 ஜிபி என்று வாங்கினால் கைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 45 ஜிபி. 32 ஜிபி என்றால் பாதிதான் மிஞ்சும். ஃபிளாஷ் நினைவகத்தில் பழைய எழுத்தின் மேலேயே புதிதாக எழுத முடியாது. ஒரு பகுதியை முழுதாக அழித்துவிட்டுத்தான் எழுத வேண்டும். காலி இடம் பத்து சதவீதத்துக்குக் கீழே போனால் அழிப்பதற்கே இடம் தேட வேண்டி வரும், எல்லாம் மந்தமாகும். ஆகவே 32 ஜிபி டேப்பை எந்த விலைக்கும் இன்று வாங்காதீர்கள். 64 ஜிபி குறைந்தபட்சம். 128 கிடைத்தால் ரேமில் பணத்தைப் போடுவதைவிட அதில் போடலாம். 'மெமரி கார்டு போட்டுக்கலாம் சார்' என்று கடைக்காரர் சொல்வது பாதி உண்மை. படம், வீடியோ, புத்தகக் கோப்புகள் கார்டுக்குப் போகும். ஆப்களும் அவற்றின் தரவும் பெரும்பாலும் உள்ளேதான் உட்காரும். கார்டிலும் 'ஏ1' அல்லது 'ஏ2' குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். 512 ஜிபி கார்டு இருநூறு ரூபாய் என்று தள்ளுவண்டியில் கிடைப்பது 16 ஜிபி கார்டாக இருக்கும்; நிரம்பிய பிறகு பழைய படங்களைத்தான் தின்னும்.

'எட்டு ஜிபி ரேம்' என்பதன் அருகில் பொடியாக '4+4' என்று போட்டிருந்தால் அசல் ரேம் நான்குதான். மீதி நான்கு, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கியது. ஏற்கெனவே மெதுவான இஎம்எம்சியைத்தான் ரேம் மாதிரி நடிக்க வைக்கிறார்கள். இடம் குறைந்து டேப் திணறும்போது அமைப்புகளில் போய் இந்த நீட்டிப்பை நிறுத்திப் பார்த்தால், சில நேரம் நிறுத்திய பிறகே நன்றாக ஓடும்.

'எட்டு கோர்' விஷயமும் இப்படித்தான். கோர் என்பது சிப்புக்குள் வேலையைச் செய்யும் தனித்தனி அலகு. யுனிசாக் எஸ்சி9863ஏ சிப்பில் எட்டு கோர் உண்டு, எட்டும் கார்டெக்ஸ் ஏ55 என்ற சிறிய கோர்கள். மீடியாடெக் ஹீலியோ ஜி99-இலும் எட்டுதான், ஆனால் அதில் இரண்டு பெரிய ஏ76 கோர்கள் இருக்கின்றன. ஆப் திறக்கும் வேகத்தைத் தீர்மானிப்பது அந்த இரண்டுதான். யுனிசாக் டி606, டி616, ஹீலியோ ஜி85 ஆகியவற்றில் பெரிய கோர் ஏ75, சமாளிக்கும். ஸ்னாப்டிராகன் 680-இல் ஏ73 நான்கு, அதுவும் சமாளிக்கும். ஏ53 அல்லது ஏ55 மட்டுமே உள்ள சிப் என்றால் வேண்டாம். பெட்டியில் சிப்பின் பெயரே இல்லாமல் 'ஆக்டா கோர் 2.0 ஜிகாஹெர்ட்ஸ்' என்று மட்டும் இருந்தால், பெயர் போடாததற்குக் காரணம் இருக்கும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் இருப்பவர்கள் விலை குறைவு என்று பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் பில் இல்லாமல் வாங்கி வருவது பழைய பழக்கம். அங்கே நேர்மையான கடைகளும் நிறைய உண்டு. பெயர் தெரியாத பிராண்டில் '12 ஜிபி ரேம், 512 ஜிபி, ஆண்ட்ராய்டு 14' என்று ஆறாயிரம் ரூபாய்க்குக் கொடுத்தால்தான் சந்தேகப்பட வேண்டும். அமைப்புகளில் 'டேப்லெட்டைப் பற்றி' என்ற பக்கத்தில் தெரியும் எண்களையே மாற்றி எழுதிவிடுகிறார்கள். அதை நம்ப முடியாது. சாதனத்தின் உள் விவரங்களைக் காட்டும் ஏஐடிஏ64 போன்ற ஒரு ஆப்பை இறக்கி ஏபிஐ லெவலை, அதாவது ஆண்ட்ராய்டு பதிப்பைக் குறிக்கும் உள் எண்ணைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 14 என்றால் 34 காட்ட வேண்டும். 29 காட்டினால் அது ஆண்ட்ராய்டு 10, 27 என்றால் 8.1. அப்புறம் பிளே ஸ்டோரில் அமைப்புகள், 'அறிமுகம்' வழியாகப் போனால் கூகுளின் 'பிளே புரொடெக்ட்' சான்று பெற்ற சாதனமா என்று ஒரு வரி இருக்கும். சான்று இல்லை என்றால் வங்கி ஆப்கள் பலவும் ஓடாது. பெட்டியின் பின்புறம் ஐஎஸ்ஐ முத்திரை மாதிரி ஒரு சின்னமும் 'ஆர்' என்ற எழுத்துடன் ஒரு எண்ணும் இருக்க வேண்டும். அதை இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் 'பிஐஎஸ் கேர்' ஆப்பில் போட்டால் எந்த நிறுவனத்துக்குக் கொடுத்த பதிவு என்று வந்துவிடும். சிம் போடும் டேப் என்றால் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு சாதனத்துக்கும் உள்ள தனி அடையாள எண்) பெட்டியில், பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் எந்த மாடல் என்று பதில் வரும்.

திரைக்கு வருவோம். 10.1 அங்குலத்தில் 1280×800 என்றால் அங்குலத்துக்கு 149 புள்ளிகள். 11 அங்குலத்தில் 1920×1200 என்றால் 206. சினிமா பார்ப்பவருக்கு இந்த வித்தியாசம் அவ்வளவாக உறைக்காது. தமிழ் பாடப் புத்தகம் படிப்பவருக்கு உறைக்கும். 149-இல் முழுப் பக்கத்தை நேராக நிறுத்திப் படித்தால் புள்ளி வைத்த மெய்யும் வைக்காத எழுத்தும் ஒன்றாகத் தெரியும். கணக்கில் அடுக்கு எண்கள், அறிவியல் படத்தில் பாகங்களைக் குறிக்கும் பொடி எழுத்துகள் கரைந்துவிடும். ஒவ்வொரு முறையும் விரலால் பெரிதாக்கித் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டியிருந்தால், பெரிய திரை வாங்கியதன் பயனே போய்விட்டது. கடையில் டெமோவுக்குப் போட்டிருக்கும் மலை, கடல் வீடியோவைப் பார்த்து மயங்காமல், பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஓடிடி பார்க்கும் வீடு என்றால் 'வைட்வைன் எல்1' (படத்தைத் திருட்டு நகல் எடுக்காமல் தடுக்கும் பூட்டின் உயர் நிலை) இருக்கிறதா என்று கேளுங்கள். எல்3 மட்டும் இருந்தால் பெரும்பாலான ஓடிடி ஆப்களில் படத்தின் தரம் 480பி-க்கு மேல் ஏறாது. திரை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் மங்கலாகத்தான் தெரியும்.

கேமராவை யாரும் பார்ப்பதில்லை. ஆனால் பாடநூல்களில் அச்சிட்டிருக்கும் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்யப் பின் கேமராவில் ஆட்டோஃபோகஸ் வேண்டும். மலிவு டேப்களில் பல நிலையான ஃபோகஸ் கொண்டவை. தூரத்தில் உள்ள மரம் தெளிவாக விழும். ஒரு சாண் தூரத்தில் உள்ள புத்தகம் கலங்கும். குழந்தை புத்தகத்தை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துவிட்டு அப்பாவின் போனைத்தான் கேட்கும். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து ஆசிரியருக்கு அனுப்புவதும் அப்படியே. கடையிலேயே ஏதாவது ஒரு கியூஆரை ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பேட்டரிதான் எங்களுக்கு அதிகம் வேலை கொடுப்பது. டேப்பில் 5,000 முதல் 8,000 எம்ஏஎச் வரை இருக்கும். வீட்டில் வீடியோ பார்த்தால் ஒரு நாள் தாராளமாக வரும், அந்த வகையில் போனைவிட மேல். ஏற்றும் நேரம்தான் சிரமம். 8,000 எம்ஏஎச் என்பது ஏறக்குறைய 31 வாட்-மணி. பெட்டியில் வருவது 5 வோல்ட், 2 ஆம்பியர், அதாவது 10 வாட் சார்ஜர். வெப்பமாகப் போவதைக் கழித்தால் முழுதாக ஏற நான்கு மணி நேரம் ஆகும். நூறு ரூபாய் கேபிளில் கம்பி மெலிது, போகும் வழியிலேயே வோல்டேஜ் இறங்கிவிடும். ஆறு மணி நேரம்கூட ஆகும். இதைப் பேட்டரி பழுது என்று நினைத்துக் கொண்டுவருகிறார்கள். கேபிளை மாற்றினால் சரியாகிவிடும்.

சார்ஜ் போட்டபடி தொட்டால் திரை தானாகத் துள்ளும், ஒரு இடத்தைத் தொட்டால் வேறு இடம் திறக்கும், கேபிளைக் கழற்றினால் சரியாகும் என்று வரும் புகாரும் அப்படித்தான். டச் போகவில்லை. வடிகட்டி சரியில்லாத மலிவு சார்ஜரிலிருந்து வரும் மின் இரைச்சல் திரையின் தொடு உணர்வைக் குழப்புகிறது. பிஐஎஸ் எண் உள்ள நல்ல சார்ஜருக்கு மாற்றாமல் டச்சை மாற்றினால் இரண்டாயிரம் ரூபாய் தண்டம். கிராமப்புறங்களில் கிணற்று மோட்டார் ரூமில் பிளக் இருக்கிறது என்று அங்கேயே சார்ஜ் போடுவதையும் நிறுத்த வேண்டும். மோட்டார் ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் லைனில் வரும் துள்ளல் முதலில் சார்ஜரைத் தின்னும், சில நேரம் டேப்பின் சார்ஜிங் ஐசியையும் சேர்த்து. கரண்ட் போய் வந்ததும் ஐந்து நிமிடம் விட்டு பிளக்கைப் போட்டால் போதும்.

கோடை விடுமுறையில் டேப்பைப் பீரோவில் வைத்துவிட்டு ஜூனில் எடுத்தால் உயிரே இல்லை என்பது வருடா வருடம் வரும் கேஸ். சார்ஜ் 5 சதவீதத்தில் வைத்த பேட்டரி தானாகவே வடிந்து, உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. பதற வேண்டாம். அதனோடு வந்த சார்ஜரில் போட்டு, பட்டனைத் தொடாமல் இரண்டு மணி நேரம் விடுங்கள். பேட்டரி படம் வந்து வந்து மறைந்தாலும் அப்படியே விடுங்கள். ஓரளவு ஏறினால்தான் அது பூட் ஆகும். பிறகு பவர் பட்டனையும் ஒலி குறைக்கும் பட்டனையும் சேர்த்து 15 நொடி அழுத்துங்கள். அதற்கும் வரவில்லை என்றால் கடைக்குக் கொண்டுவாருங்கள். பேட்டரி கனெக்டரைக் கழற்றி, அளந்து, குறைந்த ஆம்பியரில் மெல்ல ஏற்றிப் பார்க்க முடியும். நீண்ட நாள் வைப்பதாக இருந்தால் பாதி சார்ஜில் அணைத்து வைப்பதே வழி. நேர்மாறாக, இரவு பகலாக சார்ஜிலேயே மாட்டி டிவி மாதிரி ஓட்டினால் பேட்டரி உப்பும். திரையின் ஒரு ஓரம் மேலே தூக்கும், வெள்ளைப் பின்னணியில் ஒரு இடம் மட்டும் வெளிறித் தெரியும். அதை விரலால் அழுத்தி உட்கார வைக்கப் பார்க்காதீர்கள். உடனே அணைத்து, பேட்டரியை மாற்ற வேண்டும். ஏப்ரல், மே வெயிலில் காரின் முன்கண்ணாடிக்கு அருகே வைத்துவிட்டு 'சார்ஜ் ஏற மாட்டேங்குது' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பேட்டரி 45 டிகிரியைத் தாண்டினால் சார்ஜ் ஏற்றுவதை டேப் தானே நிறுத்திக்கொள்ளும். ஆறினால் ஏறும்.

சிம் வேண்டுமா, வைஃபை மட்டும் போதுமா என்ற கேள்விக்கு எங்கள் மாவட்டங்களில் ஊரைப் பொறுத்துத்தான் பதில். வைஃபை மாடல் இரண்டு மூவாயிரம் குறைவு. போனிலிருந்து ஹாட்ஸ்பாட் கொடுத்தால் வேலை நடக்கும். ஆனால் யுபிஐ பதிவுக்கு அதே சாதனத்தில் உள்ள சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும் என்பதால் வைஃபை டேப்பில் பணம் அனுப்ப முடியாது. வாட்ஸ்அப்புக்குத் தனி எண் தேவையில்லை, போனில் உள்ள கணக்கோடு 'இணைக்கப்பட்ட சாதனம்' என்று சேர்த்துக்கொள்ளலாம். நான்கு வரை சேர்க்கலாம். வைஃபை மாடல் சிலவற்றில் ஜிபிஎஸ்ஸே கிடையாது. நில அளவை, பயிர்ப் பதிவு மாதிரி இடத்தைக் காட்ட வேண்டிய ஆப்களுக்கு வாங்குபவர்கள் இதைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

சிம் மாடல் வாங்கும் அஞ்செட்டி, சித்தேரி, வத்தல்மலைப் பக்கத்துக்காரர்கள் பேண்டுகளை, அதாவது டேப் பிடிக்கும் அலைவரிசைகளைப் பார்க்க வேண்டும். ஜியோவின் 4ஜி, பேண்ட் 3, 5, 40 ஆகியவற்றில் வருகிறது. இதில் 850 மெகாஹெர்ட்ஸ் கொண்ட பேண்ட் 5 தொலைவு போகும், மேட்டுக்குப் பின்னாலும் ஓரளவு எட்டும். 2300-இல் ஓடும் பேண்ட் 40 டவருக்கு அருகில் மட்டுமே வேகம். பிஎஸ்என்எல் 4ஜிக்கு 700 மெகாஹெர்ட்ஸ், அதாவது பேண்ட் 28 முக்கியம். வெளிநாட்டுச் சந்தைக்கென்று செய்த டேப் ஏதாவது கைக்கு வந்து, அதில் 5-உம் 28-உம் இல்லையென்றால், பக்கத்தில் இருக்கும் போனில் நெட் ஓடும், இதில் ஓடாது. பெட்டியில் அல்லது நிறுவனத்தின் தளத்தில் பேண்ட் பட்டியல் இருக்கும். சிம் போடும் டேப் எல்லாவற்றிலும் கால் பேச முடியும் என்றும் நினைக்க வேண்டாம். டேட்டா மட்டும் எடுப்பவை உண்டு.

இனி, நிறுவனங்கள் பேச விரும்பாத உதிரிபாகம். மலிவு டேப் பலவற்றில் மேல் கண்ணாடியும் டிஸ்பிளேவும் தனித்தனி. திரையை அணைத்து விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பது போல ஒலிக்கும். ஒளிர வைத்துச் சாய்த்துப் பார்த்தால் படம் கொஞ்சம் ஆழத்தில் இருக்கும். பார்வைக்கு இது குறைதான், தூசியும் நுழையும். ஆனால் கீழே விழுந்து கண்ணாடி மட்டும் உடைந்தால் டச்சை மட்டும் மாற்றிவிடலாம். ஒட்டிய திரை என்றால் கண்ணாடியும் டிஸ்பிளேவும் சேர்ந்த காம்போவாகத்தான் மாற்ற வேண்டும், டேப் விலையில் பாதி வரை போகும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் நாங்கள் அந்தக் 'குறை' உள்ள டேப்பையே சிபாரிசு செய்வோம். பொருத்தும் பாகம் கிடைப்பதிலும் ஒரு சிக்கல். ஒரே மாடல் பெயரில் இரண்டு மூன்று விதமான டச் போட்டு விற்கிறார்கள். டச்சின் ரிப்பன் கேபிளில் அச்சிட்டிருக்கும் குறியீட்டு எண் பொருந்தவில்லை என்றால் கனெக்டரே உட்காராது. ஆகவே டச் ஆன்லைனில் ஆர்டர் போடும் முன் டேப்பைத் திறந்து அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்கி வருபவர்களின் டச் பாதிக்குப் பாதி பொருந்துவதில்லை.

கேபிள் சொருகும் சார்ஜிங் பின்னும் அப்படியே. தனிச் சப் போர்டில் இருந்தால் போர்டை மாற்றி அரை மணி நேரத்தில் கொடுத்துவிடலாம். மெயின் போர்டிலேயே பற்றவைத்திருந்தால் வேலை நுணுக்கமானது, செலவும் கூடும். அதற்கு முன் ஒன்று. பின் ஆட்டம் கண்டுவிட்டது என்று வருபவற்றில் பலவும் பஞ்சும் தூசியும் அடைத்தவைதான். டேப்பை அணைத்துவிட்டு மரப் பல்குத்தும் குச்சியால் மெதுவாகக் கிளறி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் கூடவே கூடாது. நடுவில் இருக்கும் மெல்லிய நாக்கு உடைந்தால் போச்சு.

வாங்கும் முன் பிராண்டின் தளத்தில் தருமபுரி என்றால் 636701, கிருஷ்ணகிரி என்றால் 635001 என்று அஞ்சல் எண்ணைப் போட்டு சர்வீஸ் சென்டர் எங்கே என்று தேடிப் பாருங்கள். போன் பழுது பார்க்கும் சென்டர் எல்லாம் டேப்பை எடுப்பதில்லை. போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் சேலம் வரை போய் வரும் பஸ் செலவும் ஒரு நாள் கூலியும் சேர்ந்தால், விலையில் மிச்சம் பிடித்த ஐந்நூறு ரூபாய் எங்கே போனது என்று தெரியாது.

பழைய டேப் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கல்வி ஆப் நிறுவனங்கள் பாடத்தோடு சேர்த்துக் கொடுத்த டேப்கள் மூவாயிரம், நான்காயிரத்துக்குச் சுற்றுகின்றன. அவற்றில் நிறுவனக் கட்டுப்பாடு போட்டிருக்கும். ரீசெட் செய்த பிறகு வைஃபை கிடைத்ததுமே பழைய பூட்டு திரும்பி வந்துவிடும். 'இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது' என்ற வரி பூட்டுத் திரையில் தெரிந்தால் கை வைக்காதீர்கள். மற்ற டேப்களிலும் பணம் கொடுக்கும் முன் விற்பவரை வைத்தே கூகுள் கணக்கை நீக்கச் சொல்லி, ரீசெட் போட்டு, வைஃபையில் இணைத்து, முகப்புத் திரை வரும்வரை பாருங்கள். பழைய ஜிமெயிலைக் கேட்டால் அது உங்களுடையது ஆகாது. அதை உடைத்துத் தரச் சொல்லி எங்களிடம் வராதீர்கள்.

மடிக்கணினிக்கு மாற்றாக ஏன் ஆகாது என்றால், முதலில் கேபிள் சொருகும் துளை ஒன்றுதான். கீபோர்டை ஓடிஜி என்ற இணைப்பானில் மாட்டினால் சார்ஜ் போட முடியாது. இந்த விலையில் யுஎஸ்பி பெரும்பாலும் 2.0 என்பதால் கேபிள் போட்டு டிவிக்கோ புரொஜெக்டருக்கோ படம் அனுப்பவும் முடியாது, வைஃபை வழிதான். நான்கு ஜிபி ரேமில் ஒரு பக்கம் ஆன்லைன் வகுப்பு, இன்னொரு பக்கம் கோப்பு என்று வைத்தால் ஒன்று மூடிக்கொள்ளும். கண்காணிப்புடன் நடக்கும் ஆன்லைன் தேர்வுகள் பல, கணினியில் உள்ள பிரவுசரைத்தான் கேட்கின்றன. மலிவு ஸ்டைலஸ் வெறும் ரப்பர் முனை. உள்ளங்கை பட்டாலும் கோடு விழும், கணக்குப் போட்டுப் பழக ஆகாது. 2025-26 தமிழக பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி என்று அறிவித்தபோது எது நல்லது என்று பலர் கேட்டார்கள். தட்டச்சு, கோடிங், புராஜெக்ட் என்று இருக்கும் பிள்ளைகளுக்கு யோசிக்கவே வேண்டாம், மடிக்கணினிதான்.

இதையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2011 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட 'ஆகாஷ்' டேப்பில் 366 மெகாஹெர்ட்ஸ் சிப்பும் 256 எம்பி ரேமும், அழுத்தினால்தான் உணரும் திரையும் இருந்தன. அதோடு பார்த்தால் இன்றைய பத்தாயிரம் ரூபாய் டேப் எங்கோ இருக்கிறது. அன்று சாமானே பலவீனமாக இருந்தது. இன்று சாமான் நன்றாகவே இருக்கிறது, விவரத்தைத்தான் மறைத்து விற்கிறார்கள்.

அந்த விவரங்களில் பெரியது பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம் வரை வரும் என்பது. வங்கி ஆப்கள் பழைய ஆண்ட்ராய்டை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வருகின்றன. மூன்று வருடம் முன் வெளியான மாடலை இன்று தள்ளுபடியில் வாங்கினால் அதன் ஆயுள் ஏற்கெனவே கழிந்திருக்கும். 'புது பீஸ்தான் சார்' என்பது பெட்டிக்குப் பொருந்தும், உள்ளே இருக்கும் மென்பொருளுக்குப் பொருந்தாது. அமைப்புகளில் பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பாருங்கள். ஒரு வருடத்துக்கு முந்தைய தேதி காட்டி, வைஃபையில் போட்டும் புதிதாக எதுவும் வராவிட்டால் அந்த மாடலின் கதை முடிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது ஐந்து ஆண்டுகள் அப்டேட் கொடுக்க வேண்டும், உதிரிபாகம் ஏழு ஆண்டுகள் வரை கிடைக்க வேண்டும் என்று டேப்லெட்டுகளுக்கும் விதி வந்துவிட்டது. இங்கே நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு இணையதளம் தொடங்கியது. டேப் வாங்குபவர் கையில் இருக்கும் பெட்டியில் அதனால் இன்னும் ஒரு வரிகூடக் கூடவில்லை.

பில் வாங்குங்கள். அதில் ஜிஎஸ்டி எண்ணும் டேப்பின் சீரியல் எண்ணும் இருக்க வேண்டும். டேப்புக்கு ஒரு வருடம், சார்ஜருக்கு ஆறு மாதம் என்பது வழக்கமான வாரண்டி. சொன்ன விவரம் ஒன்று, கொடுத்த சாமான் வேறு என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். விளம்பரத்தை வெட்டி பில்லோடு சேர்த்து வைத்திருந்தால் அதுவே சாட்சி.

உங்கள் நாளிதழிடம் எங்கள் கோரிக்கை ஒன்று உண்டு. டேப்லெட் விளம்பரம் கொடுக்க வரும் நிறுவனங்களிடமும் கடைகளிடமும், ஸ்டோரேஜ் இஎம்எம்சியா யுஎஃப்எஸ்ஸா, அசல் ரேம் எவ்வளவு, சிப்பின் பெயர் என்ன, பாதுகாப்பு அப்டேட் எந்த மாதம் எந்த ஆண்டு வரை, டிஸ்பிளே மாற்ற எவ்வளவு என்ற ஐந்தையும் விலைக்குப் பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடச் சொல்லிக் கேளுங்கள். அரசு கொடுக்கும் கைக்கணினிகளின் டெண்டரிலும் இதே ஐந்தைக் கேட்டு, பெட்டியின் மேல் தமிழில் அச்சிட்டுக் கொடுக்க மாவட்ட நிர்வாகங்கள் பரிந்துரைக்கலாம்.

இப்படிக்கு,
செல்போன், டேப்லெட் பழுது நீக்குவோர் சிலர்,
தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள்.